கிராமத்தில் குழந்தைகள் இலக்கியத் திருவிழா: படம் எடுக்கப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

வெளிச்சம்தேடி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிப்ரவரி மாதம் இரண்டு நாள் குழந்தைகள் இலக்கியத் திருவிழா நடத்துகிறார்கள். அந்த ஊர் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் நாலைந்து பேரும் ஊர்ப்புற நூலகரும் சேர்ந்து செய்கிற வேலை. சம்பா அறுவடை முடிந்து களம் காலியாக இருக்கும், அங்கேதான் பந்தல். கதைசொல்லல், பொம்மலாட்டம், பிள்ளைகளே எழுதி வரைந்த கையெழுத்துப் பத்திரிகை, புத்தகக் கடை. ஒரு மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றித் தெருத்தெருவாகவும் போகப் போகிறார்களாம். படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு.

நான் வடுவூர் ஏரியில் பறவை எடுத்துப் பழகியவன். மனிதர்களை எடுத்ததே குறைவு, அதிலும் குழந்தைகளை எடுத்ததே இல்லை. என்னிடம் இருப்பது ஒரு கிராப் சென்சார் கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், பறவைக்கான நீளமான 150-600 லென்ஸ். பந்தலுக்குள் வெளிச்சம் எப்படி இருக்கும்? கேமராவைப் பார்த்ததும் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்களே, அதற்கு என்ன செய்வது? பெற்றோர் அனுமதியை எப்படி வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டுடியோ அண்ணன் | திங்கள், இரவு 10.15

தம்பி, முப்பது வருசமாகப் பந்தலுக்குள் நின்று கல்யாணம் எடுக்கிறவன் சொல்கிறேன். உன் எதிரி பிள்ளைகள் இல்லை, சாமியானாதான். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பட்டை பட்டையாகத் துணி கட்டுவான். ஒரே பிள்ளையின் நெற்றி மஞ்சள், கன்னம் சிவப்பு என்று விழும். அதைக் கேமராவின் நிறம் திருத்தும் எந்த ஒயிட் பேலன்ஸாலும் சரிசெய்ய முடியாது. நீலத் தார்பாய் என்றால்கூடப் பரவாயில்லை. எல்லா முகமும் ஒரே மாதிரி நீலமாக இருப்பதால் ரா (RAW) ஃபைலாக எடுத்துப் பிறகு கம்ப்யூட்டரில் ஒரே அடியில் திருத்திவிடலாம். இப்போதே நூலகருக்குப் போன் போட்டு வெள்ளைத் துணிப் பந்தலாகக் கட்டச் சொல். வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்காது. முடியாது என்றால் கதை சொல்கிற இடத்தையாவது பந்தலின் ஓரத்துக்குத் தள்ளச் சொல். திறந்த பக்கத்திலிருந்து வரும் வானத்து வெளிச்சம் போதும், முகம் பளிச்சென்று இருக்கும்.

அப்புறம், பந்தலுக்குப் பின்னால் வெயில் அடிக்கிற களமும் வெள்ளையடித்த பள்ளிச் சுவரும் இருக்கும். கேமரா அந்த வெளிச்சத்தை நம்பி முகத்தைக் கறுப்பாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, ஏற்றி எடு, இல்லையென்றால் ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரை முகத்தில் வை.

எல்இடி பல்பு போட்டிருந்தால் கவனம். நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான பல்பு நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டரை 1/100லோ 1/50லோ வைத்தால் தப்பிக்கலாம். 1/500 வைத்தால் படத்தில் பட்டை விழும். மிரர்லெஸ் என்றால் சத்தமில்லாத ஷட்டரை அந்த இடத்தில் போடாதே, பட்டை இன்னும் மோசமாக விழும். இதை நான் ஒரு வரவேற்பு முழுவதும் கெடுத்துக்கொண்டு கற்றுக்கொண்டேன், பெண் வீட்டார் இன்னும் பேசுவதில்லை.

செல்போன் கேமரா | திங்கள், இரவு 10.32

150-600ஐ வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் தோழர், பிள்ளைகள் பீரங்கி என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

நூலகப் பூனை | செவ்வாய், காலை 7.05

மாட்டுவண்டி என்றதும் எட்டிப்பார்த்தேன். அந்த வட்டாரத்தில் மாட்டுவண்டி என்பது அலங்காரத்துக்கு வைப்பது இல்லை, அதற்குக் கதை இருக்கிறது. 1931இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் அடுக்கி மன்னார்குடியைச் சுற்றிய கிராமங்களுக்கு அனுப்பினார். மேலவாசல் கிராமத்தில் அதைத் தொடங்கிவைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நம்ம சீர்காழிக்காரர். நீங்கள் போகும் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்துதான் வண்டி கட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நானும் ஒரு ஊர்ப்புற நூலகர்தான், வேறு மாவட்டம். இப்படி விழா நடத்திய அனுபவத்தில் ஒரு குறை சொல்கிறேன். படம் எடுக்க வந்தவர் நூற்றுக்கு எண்பது படம் மேடையை எடுத்துத் தந்தார். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடி பொன்னாடை. கீழே உட்கார்ந்து படித்த பிள்ளைகள் எல்லாப் படத்திலும் பின்னந்தலையாக இருந்தார்கள். மேடைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அது போதும். விருந்தினர் கோபித்துக்கொள்ளாத அளவுக்கு ஆளுக்கு ஒரு படம். பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள் என்று தெரியும்படி அட்டை பதிகிற மாதிரி எடுத்தால் எனக்கெல்லாம் அது பெரிய உதவி. அடுத்து எதை வாங்கலாம் என்று முடிவெடுக்க அந்தப் படங்களைத்தான் பார்ப்பேன்.

வெளிச்சம்தேடி | செவ்வாய், காலை 8.20

அண்ணா, போன் போட்டுவிட்டேன். வெள்ளைத் துணிக்கு ஒத்துக்கொண்டார்கள். பூனை அக்கா, மாட்டுவண்டிக் கதை எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி.

களத்துமேட்டு டீச்சர் | செவ்வாய், மாலை 5.50

இரண்டு விரல் காட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் தம்பி. அதைத் தடுக்க நினைக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம் அவர்கள் கேட்கிற மாதிரியே எடுங்கள், எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். மூன்று தடவை பார்த்ததும் சலித்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் பந்தல் கால் மாதிரி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் பறவைக்குக் காத்திருக்கிற ஆள், பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கதை நடக்கும்போது முன்வரிசைக்குள் நுழைந்துவிடாதீர்கள். ஒரு தடவை எங்கள் பள்ளியில் கதைசொல்லி ஒருவர் கிணற்றுக்குள் பூதம் எட்டிப்பார்க்கிற இடத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். அறுபது பிள்ளைகள் மூச்சுவிடாமல் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் பளிச் பளிச்சென்று பிளாஷ் அடித்துக்கொண்டு நடுவில் போனார். பூதம் போயே போச்சு. பிள்ளைகள் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். படம் நன்றாகத்தான் வந்தது, கதை செத்துவிட்டது.

வக்கீல் குமாஸ்தா | செவ்வாய், இரவு 9.10

அனுமதி பற்றி. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்வதற்கு விலக்கு உண்டு. ஆனால் விழாக்குழு தன் பக்கத்தில் போடுவதையும் நன்கொடை கேட்கும் நோட்டீஸில் அச்சடிப்பதையும் வீட்டு உபயோகம் என்று சொல்ல முடியாது. சட்டத்தை விடுங்கள், ஊரில் ஒரு தகப்பன் வந்து சட்டையைப் பிடித்தால் என்ன சொல்வீர்கள்? ஒரு பக்கத் தாளில் தமிழில் தெளிவாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பள்ளிச் சுவரில் ஒட்ட, அச்சில் போட, இணையத்தில் போட என்று மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். முதலாவதற்குச் சரி என்பவர்கள் மூன்றாவதற்கு வேண்டாம் என்பார்கள்.

அரசு இல்லங்களிலிருந்து பிள்ளைகள் வந்தால் பின்பக்கமாகக்கூட இணையத்தில் போடாதீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நினைவிருக்கட்டும்.

வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகளை அடையாளம் காண, கையில் ஒரு கலர் கயிறு கட்டிவிடலாம். வெளியூர் விழாக்களில் பார்த்திருக்கிறேன்.

களத்துமேட்டு டீச்சர் | செவ்வாய், இரவு 9.22

கலர் கயிறா! சார், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் கையில் கலர் கயிறு என்றால் சாதி. எந்தக் கலர் எந்தத் தெரு என்று ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். இதைத் தடைசெய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கையே கொடுத்தது. நாமே போய்ப் பிள்ளைகள் கையில் கட்டிவிடுவதா?

வக்கீல் குமாஸ்தா | செவ்வாய், இரவு 9.31

தப்புதான் டீச்சர். யோசிக்கவே இல்லை.

களத்துமேட்டு டீச்சர் | செவ்வாய், இரவு 9.48

பரவாயில்லை சார். நாங்கள் செய்வது இதுதான். எல்லாப் பிள்ளைக்கும் அட்டையில் ஒரு விலங்குப் படம் வரைந்து பேட்ஜ் மாதிரிக் குத்திவிடுவோம். முயல், ஆமை, காக்கா, யானை என்று பத்துப் பதினைந்து வகை. வேண்டாம் என்றவர்களுக்கு மட்டும் ஆமை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, விஷயம் படம் எடுக்கிறவருக்கும் எங்களுக்கும் மட்டும் தெரியும்.

மூன்றாம் பெஞ்ச் | புதன், இரவு 11.40

இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊரில் இப்படி ஒரு புத்தக விழா நடந்தது. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். யாரோ எடுத்தார்கள், எடுத்ததே எனக்குத் தெரியாது. கல்லூரி சேர்ந்த பிறகு தோழி ஒருத்தி ஒரு தொண்டு நிறுவனத்தின் கையேட்டைக் காட்டி "இது நீதானே" என்றாள். நான்தான். சட்டையில் மேல் பொத்தான் இல்லாமல் ஊக்கு குத்தியிருக்கிறது. கீழே, புத்தகமே பார்த்திராத ஏழைக் குழந்தைகளுக்கு உங்கள் நன்கொடையால் ஒளி கிடைக்கும் என்கிற மாதிரி ஒரு வாசகம்.

எங்கள் வீட்டில் புத்தகம் இருந்தது. அப்பா வாரம் தவறாமல் நூலகத்துக்குக் கூட்டிப்போவார். பொத்தான் அன்று காலை பேருந்தில் அறுந்தது. அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் சொல்லவில்லை, "ஊக்கு தெரியுதே" என்று மட்டும் சொன்னார்.

படம் அழகான படம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் புத்தகத்துக்குள் எங்கேயோ இருக்கிறேன். எனக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தால் பத்திரமாக வைத்திருப்பேன்.

ஸ்டுடியோ அண்ணன் | வியாழன், காலை 6.30

பாப்பா, நன்றாக எழுதினாய். படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

தம்பி, இதையும் கேள். நீங்கள் எல்லாம் இயல்பான படம் இயல்பான படம் என்கிறீர்கள். எந்தத் தாயும் என் கடைக்கு வந்து என் பிள்ளை கேமராவைப் பார்க்காத படம் கொடு என்று கேட்டதில்லை. தலை வாரி, பவுடர் போட்டு, நேராக நின்று, இரண்டு கண்ணும் தெரிய வேண்டும். அதில் என்ன தப்பு? களத்தின் ஒரு மூலையில் நிழலாகப் பார்த்து ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டு. வருகிற பிள்ளைக்கெல்லாம் பிடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்து ஒரு படம் எடு. மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு வீட்டுக்கு வீடு கொடு. அது ஊருக்கு. மிச்ச நேரம் நீ உனக்கு வேண்டியதை எடு. இன்னொன்று, முகத்தை வெளுக்க வைக்காதே. ஆல்பத்தில் நாங்கள் செய்கிறோம், கேட்கிறார்கள் செய்கிறோம். நீயாவது அதைச் செய்யாதே.

செல்போன் கேமரா | வியாழன், காலை 7.15

ஒரு சின்ன விஷயம். போனில் எடுப்பவர்கள் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் போகாது, ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று ஊருக்கே வழி சொல்ல வேண்டாம்.

வெளிச்சம்தேடி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.05

போய்விட்டு வந்துவிட்டேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் துணிதான் கட்டியிருந்தார்கள், ஆனால் ஓரத்தில் ஜரிகை வைத்த சிவப்புத் தொங்கல். பந்தல்காரர் ஆசையாகப் போட்டது. ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் காது மட்டும் சிவப்பு. முதல் நாள் காலை கரண்டு போனதால் எல்இடிப் பிரச்சினையே வரவில்லை.

டீச்சர் சொன்ன மாதிரி முதல் ஒரு மணி நேரம் கேட்டதையெல்லாம் எடுத்தேன். ஒரு மணி நேரம் போதவில்லை, மதியம் வரை போனது. ஒரு பையன் மட்டும் பதினேழு தடவை வந்தான். பேட்ஜில் முயல், கலைமான், மயில் என்று போட்டிருந்தார்கள், ஆமைகள் ஒன்பது. அதில் ஒரு ஆமை என்னிடம் வந்து "என்னை ஏன் சார் எடுக்க மாட்டேங்கிறீங்க" என்று கேட்டுவிட்டது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. கேமராவை அவன் கையில் கொடுத்து என்னை எடுக்கச் சொன்னேன். என் தலை பாதி வெட்டுப்பட்ட அந்தப் படம்தான் இந்த இரண்டு நாளில் என்னை வைத்து எடுத்த ஒரே படம்.

பிள்ளைகள் நிற்கிற உயரத்துக்குக் கேமராவை இறக்கினால்தான் படம் படமாகிறது. குந்தியே நடந்தேன். வைக்கோல் தூசு பயங்கரம், லென்ஸ் மாற்றவே பயமாக இருந்தது. 50ஐ மாட்டியவன் இரண்டாம் நாள் மாலைதான் கழற்றினேன். 150-600ஐப் பையை விட்டே எடுக்கவில்லை, செல்போன் தோழருக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் நாலரை மணி. வண்டி தெருச்சுற்றிவிட்டு வந்து களத்தில் நிற்கிறது, மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். வண்டியின் நிழலில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தம்பியை மடியில் வைத்துக்கொண்டு படக்கதைப் புத்தகம் படிக்கிறாள். தம்பிக்கு இரண்டு வயது இருக்கும். அவள் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் அவன் அடுத்ததைப் புரட்டுகிறான். ஒரு கை தம்பி இடுப்பில், இன்னொரு கையின் விரல் எழுத்துக்குக் கீழே ஓடுகிறது. பக்கத்தைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. காலை நீட்டிக் கட்டை விரலால் பக்க முனையை அமுக்கிக்கொண்டாள். சாய்வெயில் சக்கரத்து ஆரங்களுக்கு இடையில் வந்து அந்தக் கால்விரலில் விழுகிறது. நாலு படம் எடுத்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அதுதான், சந்தேகமே இல்லை.

சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, புத்தகத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அதையும் எடுத்துவிட்டேன், கை தானாக அமுக்கிவிட்டது.

பெற்றோர் மூன்று கட்டத்திலும் சரி போட்டிருக்கிறார்கள். விழாக்குழு அடுத்த வருட நோட்டீஸுக்குக் கால்விரல் படத்தைக் கேட்கிறது. கொடுக்கலாமா?

செல்போன் கேமரா | ஞாயிறு, இரவு 10.20

கொடுங்கள் தோழர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எந்த முகத்தையும் விட அந்த விரல் படிப்பைப் பற்றி அதிகம் சொல்கிறது.

களத்துமேட்டு டீச்சர் | ஞாயிறு, இரவு 10.41

கொடுக்காதீர்கள். நோட்டீஸ் ஊரில் ஒட்டப்படும். புத்தகத்தில் காலை வைத்திருக்கிறாள் என்று அவள் பாட்டியிலிருந்து பக்கத்து வீடு வரை எல்லோரும் கேட்பார்கள். சரஸ்வதி மேல் கால் பட்டால் அடி விழுகிற வீடுகள் இருக்கின்றன. உங்களுக்கு அது நல்ல படம், அவளுக்கு அது வருடம் முழுவதும் வசவு.

நூலகப் பூனை | ஞாயிறு, இரவு 11.02

நான் பகுத்தறிவு பேசுகிற ஆள். காகிதத்தில் கால் பட்டால் ஒன்றும் ஆகாது என்று பிள்ளைகளிடம் சொல்கிறவள். ஆனாலும் டீச்சர் பக்கம்தான் நிற்கிறேன். நம் கொள்கைக்காக வாங்கப் போகிற திட்டு அவளுக்கு.

ஸ்டுடியோ அண்ணன் | திங்கள், காலை 6.10

காலை வெட்டிவிட்டு மேலே மட்டும் கொடுத்தால்?

வெளிச்சம்தேடி | திங்கள், காலை 6.45

பார்த்தேன் அண்ணா. வெட்டினால் படத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை, ஒரு பிள்ளை புத்தகத்தைப் பார்க்கிறது அவ்வளவுதான்.

மூன்றாம் பெஞ்ச் | திங்கள், மதியம் 1.15

அவளிடம் கேட்டீர்களா?

வெளிச்சம்தேடி | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

கேட்டேன். நேற்று பிரிண்டோடு ஊருக்குப் போனேன். வேட்டித் திரைப் படங்கள் நூற்றுப் பதினான்கு, எல்லாம் மேக்ஸி. பள்ளி வராந்தாவில் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டினோம். அவரவர் படத்தை அவரவர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு அம்மா சட்டம் போட்டே கொடுத்திருக்கலாமே என்றார்.

அந்தப் பிள்ளையையும் அவள் அம்மாவையும் தனியாகக் கூப்பிட்டு மூன்று படத்தைக் காட்டினேன். கால்விரல், கண்ணில் ஒற்றிக்கொள்வது, அப்புறம் அன்றே வண்டி முன்னால் தம்பியோடு நேராக நிற்க வைத்து எடுத்த ஒன்று. அது கேட்டதற்காக எடுத்தது, நான் திரும்பிக்கூடப் பார்க்காத படம்.

முதல் படத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா "ஐயையோ, கால்" என்றார். பிறகு அவரும் சிரித்தார். அதை மடக்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு "இது வீட்டுக்குள்ள இருக்கட்டும் தம்பி, நோட்டீஸ்ல வேணாம்" என்றார். இரண்டாவது படத்தை அவர்கள் கையிலேயே எடுக்கவில்லை.

வண்டி முன்னால் நிற்கிற படம்தான் அவளுக்கு வேண்டுமாம். நோட்டீஸிலும் அதையே போடச் சொல்கிறாள். அதில் அவள் இரண்டு விரலைக் காட்டுகிறாள், தம்பி அழுகிறான்.

ஸ்டுடியோ அண்ணன் | ஞாயிறு, இரவு 8.52

நோட்டீஸுக்கு என்றால் பெரிய ஃபைலாக அனுப்பு, வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அச்சில் உடைந்துவிடும். இருப்பிடத்தை எடுத்துவிட்டு அனுப்பு. அவளுக்கு 5க்கு 7 போட்டு லேமினேஷன் செய்து கொடு, செலவு என் கணக்கு.